டயரை மாற்றுவதா, வண்டியை விற்பதா?

குழு: நம் வீடு
அப்பா, அம்மா (சாக்ரமெண்டோ), மகள், மாப்பிள்ளை (டாலஸ்), மகன் (சியாட்டில்), சித்தப்பா (கோவை)

அக்டோபர், வெள்ளி மாலை

அப்பா: படுக்கை, சமையலறையோடு ஓடும் நம் ஆர்.வி. வண்டியை டயர் கடைக்குக் கொண்டுபோனேன். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைக் காட்டினார்கள். 1418. அதாவது 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவே இல்லை. ஆனாலும் ஏழு ஆண்டு ஆகிவிட்டால் ரப்பர் தானாகவே வெடிப்பு விடுமாம். முன்னால் இரண்டு, பின்னால் இரட்டை இரட்டையாக நான்கு. ஆறையும் மாற்றச் சொல்கிறார்கள்.

மகன்: எவ்வளவு கேட்கிறார்கள்?

அப்பா: ஆயிரம் டாலரைத் தாண்டும்.

மகள்: அப்பா, பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டப்போகிறீர்கள்? ஓராண்டுதான் என்றால் ஆறு புது டயர் எதற்கு?

சித்தப்பா: (தாமரைப் படம்) இனிய காலை வணக்கம். இந்த நாள் இனிதாகட்டும்.

மகன்: நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். போன கோடையில் வயோமிங்கில் ஐ-80 சாலையில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளியது என்று அம்மா சொன்னாள். அந்தச் சாலையில் பெரிய லாரிகளே கவிழ்கின்றன. எழுபத்து நான்கு வயதில் இது தேவையா?

அப்பா: காற்று பலமானால் நான் ஓட்டுவதில்லை. அன்றும் ராலின்ஸில் நிறுத்திவிட்டோம். மறுநாள்தான் கிளம்பினோம்.

மகள்: சரி, கிளேசியர் தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் போகும் அந்தச் சாலையில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டியை விடுவதில்லை. உங்களுடையது 27 அடி. கீழே நிறுத்திவிட்டுப் பூங்கா பஸ்ஸில்தானே போனீர்கள்? அதற்கு விமானத்தில் போய் விடுதியில் தங்கியிருக்கலாமே.

அப்பா: விடுதியில் ரசம் வைக்க விடுவார்களா?

மகன்: கேலன் பெட்ரோலுக்கு எட்டு மைல் கொடுக்கிற வண்டி. காப்பீடு, பதிவுக் கட்டணம், நிறுத்தி வைக்கும் இடத்துக்கு மாத வாடகை. இவ்வளவும் கட்டி ஆண்டில் பாதி நாள் சும்மா நிற்கிறது. அந்த ரசத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்பா: கணக்கை நானும் போட்டிருக்கிறேன். 62 வயது நிரம்பியதும் பத்து டாலருக்கு ஆயுள்கால முதியோர் அட்டை வாங்கினேன். 2017இல் அதை 80 டாலர் ஆக்கினார்கள். தேசியப் பூங்காக்களில் நுழைவு இலவசம், பல இடங்களில் முகாமிடும் கட்டணத்தில் பாதி. எந்த விடுதி இப்படித் தரும்?

மாப்பிள்ளை: மாமா, தவறாக எண்ண வேண்டாம். அத்தையையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கையகலச் சமையலறையில் எத்தனை காலம் நிற்பார்கள்?

மகள்: அதேதான். அம்மா வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அவளுக்காக நாம்தான் பேச வேண்டும்.

அம்மா: எனக்காகப் பேசுகிறவர்கள் எல்லாம் கொஞ்சம் ஓய்வெடுங்கள். என்னிடம் யாராவது கேட்டீர்களா?

அம்மா: அந்தக் கையகலச் சமையலறையைத் துடைக்கப் பத்து நிமிடம் போதும். இங்கே நான்கு படுக்கையறை, மூன்று குளியலறை, பகல் முழுதும் என்னைத் தவிர யாரும் நடப்பதில்லை. குளிர்காலத்தில் அரிசோனாவில் குவார்ட்ஸைட் போனால் பக்கத்து வண்டி விஸ்கான்சின்காரி விடிந்ததும் நடக்கக் கூப்பிடுகிறாள். அவளுக்கு நான் இட்லி, எனக்கு அவள் பீச் பழ ஜாம். மாலையில் எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். சாக்ரமெண்டோவில் எதிர்வீட்டுக்காரர் பெயரே எனக்குத் தெரியாது. வண்டியை விட வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்?

மகன்: அம்மா! நிஜமாகவா?

மகள்: அப்படியானால் விற்க விரும்புகிறவர் இந்தக் குழுவில் யார்தான்?

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மகள்: அப்பா, எதை அழித்தீர்கள்?

சித்தப்பா: நான் படித்துவிட்டேன். "நான்தான்" என்று எழுதியிருந்தார் அண்ணா.

மகன்: அப்பா?

அம்மா: பதில் வராது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இந்த சோபாவின் மறுகோடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் சொல்லாமல் குழுவில் எழுதி, அதையும் அழிக்கிறார்.

சனி

அப்பா: எழுதிவிடுகிறேன். பொழுது சாய்ந்தால் எதிரே வரும் விளக்கெல்லாம் ஒளிவட்டமாகத் தெரிகிறது. கண்புரை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை அறுவை செய்து சரிப்படுத்தலாம், அது பெரிதில்லை. வண்டியின் கூரை மேல் ஏறி இணைப்புகளில் பசை விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மழைநீர் சுவருக்குள் இறங்கி மரச்சட்டம் உளுத்துவிடும். இந்த ஆண்டு ஏணியில் பாதியில் நின்றேன். முழங்கால் மேலே போக விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் அம்மா அந்த வண்டியை ஓட்டுவதில்லை. நெவாடா பாலைவனத்தின் நடுவே எனக்கு ஏதாவது ஆனால், சாலையோரத்துக்கு அதை நகர்த்தக்கூட ஆள் கிடையாது. இதைச் சொன்னால் அவளுடைய குளிர்காலத்தைப் பறித்தவனாகிவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா: அண்ணா, கழிவுக் குழாயைச் சொல்லவில்லையே. யெல்லோஸ்டோனில் என்னைப் பிடிக்கச் சொன்னீர்களே! கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், குளித்த தண்ணீர்த் தொட்டியை அடுத்துத் திறக்க வேண்டும், அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும் என்று வகுப்பு வேறு எடுத்தீர்கள். இதைக் கற்கவா நான் கோவையிலிருந்து வந்தேன்? பேசாமல் விற்றுவிட்டு இருவரும் இங்கே வாருங்கள். மாடி காலியாகத்தான் இருக்கிறது.

அம்மா: வருவோம், இரண்டு மாதம் இருப்போம். நிரந்தரமாக முடியாது. இந்தியாவில் பார்க்கும் வைத்தியத்துக்கு மெடிகேர், இங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, காசு தராது.

மகன்: அம்மாவுக்குக் குவார்ட்ஸைட்தான் வேண்டும் என்றால், டயரை மாற்றி ஒரே ஒருமுறை அங்கே ஓட்டிக்கொண்டுபோய், அங்கேயே ஆண்டு முழுவதும் வாடகை இடத்தில் நிறுத்தலாமே. பிறகு காரில் போய்வரலாம்.

அப்பா: யோசித்துவிட்டேன். ஜூலை வெயிலில் அங்கே 110 டிகிரி. கூரைப் பசை காய்ந்து விரிசல் விடும். திறந்து பார்த்தால் எலி குடியிருக்கும். ஏணி வேலை அப்படியேதான் இருக்கும்.

மகள்: எங்கள் டெக்சாஸில் லிவிங்ஸ்டன் ஊரில் ஆர்.வி.க்காரர்களின் எஸ்கேப்பீஸ் சங்கத்தார் ஒரு மையம் நடத்துகிறார்களாமே? பயணம் போக முடியாதவர்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருக்கலாம், சாப்பாடும் கிடைக்கும். ஹூஸ்டன் பக்கம் பேர்லண்டு மீனாட்சி கோயிலுக்கும் காரில் போய்வரலாம்.

அம்மா: வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுதும் சாலையிலேயே வாழ்ந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. எங்களுக்கு வீடு இருக்கிறதே.

மாப்பிள்ளை: மாமா, விற்பதாக இருந்தால் இன்னொன்று. மெடிகேர் திட்டம் மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. இனிமேல் ஊர் சுற்றுவதில்லை என்றால், மெடிகேர் தராத பங்கை ஏற்கும் துணைக் காப்பீட்டுக்கு மாதாமாதம் இவ்வளவு கட்டுவானேன்? மெடிகேரையே தனியார் நிறுவனம் வழியாகத் தரும் உள்ளூர் அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறிவிடலாமே.

மகள்: நில்லுங்கள். அதில் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து மருத்துவர்கள்தான் அடக்கம். அவசரம் என்றால் எங்கும் பார்ப்பார்கள், மற்ற வைத்தியத்துக்கு அரிசோனாவில் அல்லாட வேண்டியிருக்கும். முதல்முறை மாறுகிறவர்கள் ஓராண்டுக்குள் பழைய துணைக் காப்பீட்டுக்குத் திரும்பலாம். அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைத் துருவிப் பார்த்து, வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். வண்டியை விற்றாலும் இதில் கை வைக்காதீர்கள்.

மாப்பிள்ளை: ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் நான் ஏற்கெனவே தோற்ற வாதம் இது.

அம்மா: சரி, நான் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு அந்த வண்டியின் மேல் ஆசையில்லை. அங்கே உள்ள மனிதர்கள் மேல்தான். ஃபீனிக்ஸ் பக்கம் மேசா, அப்பாச்சி ஜங்ஷனில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆர்.வி. குடியிருப்புகள் இருக்கின்றன. சக்கரத்தின் மேல் கட்டி நிலையாக நிறுத்திய சிறு வீடுகளை மாத வாடகைக்கு விடுகிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை எடுக்கலாம். கூரை அவர்கள் பொறுப்பு, குழாய் அவர்கள் பொறுப்பு. கார் ஓட்ட எனக்குத் தெரியும். பகலில் மட்டும் ஓட்டி, வழியில் ஓர் இரவு தங்கிப் போகலாம்.

மகன்: குவார்ட்ஸைட்டிலேயே எடுக்கலாமே அம்மா?

அப்பா: பெரிய மருத்துவமனைக்கு நெடுந்தூரம் போக வேண்டும். மேசா என்றால் எல்லாம் பக்கத்தில். குவார்ட்ஸைட் ஐ-10 சாலையிலேயே இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். விஸ்கான்சின்காரியைப் பார்க்க வாரம் ஒருமுறை நானே கூட்டிப்போகிறேன்.

அம்மா: நீங்கள் கூட்டிப்போக வேண்டாம். நானே ஓட்டுவேன் என்று இப்போதுதானே சொன்னேன்?

மகள்: அப்படியானால் டயர்?

அப்பா: மாற்றவில்லை. வாங்க வருகிறவர் அந்த எண்ணை எப்படியும் படிப்பார். நாமே முதலில் சொல்லி விலையில் குறைத்துவிடலாம். வசந்தம் வந்தால்தான் நல்ல விலை போகும், ஆனால் அதுவரை நிறுத்தி வைக்கும் வாடகை ஓடும். இந்த மாதமே விளம்பரம் போடுகிறேன்.

அம்மா: தோசைக்கல், குக்கர், அந்தச் சின்ன மிக்சி மூன்றும் விற்பனையில் சேராது. விளம்பரத்தில் அதையும் எழுதிவிடுங்கள்.

சித்தப்பா: குழாய்?

அம்மா: வாங்குகிறவருக்கு. வகுப்பு எடுக்க நீங்கள் வருகிறீர்களா?

அப்பா: மேசாவில் ஓர் இடத்துக்குப் பேசினேன். சிறு வீட்டில் மின் அடுப்புதான், எரிவாயு இல்லையாம். சரிப்படுமா என்று கேள்.

அம்மா: யாரிடம் கேட்கச் சொல்கிறீர்கள்? சரிப்படாது. வேறு இடம் பாருங்கள்.