காந்தி மியூசியத் துணி: கறை பழுப்பா இருந்தா போலியா?

பாவுநூல்:
'மதுரையில் ஒரு நாள்' விவாத இழையில் கேள்விக்குறி என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. காந்தி சுடப்பட்டபோது அவர் மேல் இருந்த ரத்தக்கறைத் துணியைப் பற்றி அவர் எழுதியது இதுதான்: "தமுக்கம் காந்தி மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கிற துணி அசல் இல்ல. ரத்தம்னா சிவப்பா இருக்கும். அது காபி கொட்டின மாதிரி பழுப்பா இருக்கு. அதுக்காக மெனக்கெட்டுப் போகாதீங்க."

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். அதன் நடுவில் இருப்பது இரும்பு. உடம்பை விட்டு வெளியே வந்து காற்றுப் பட்டதும் அந்த இரும்பு ஆக்ஸிஜனேற்றம் அடையும். ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபின் ஆகிவிடும். அதன் நிறமே பழுப்புதான். இதற்கு வருஷக்கணக்கு வேண்டாம், சில நாள் போதும். 1948 ஜனவரி 30 சாயங்காலம் பட்ட கறை இன்றைக்கும் செக்கச்செவேல் என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்விக்குறி:
கெமிஸ்ட்ரி கிளாஸ் முடிஞ்சுதா? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. சிவப்பா இருக்கா, இல்லையா? இல்ல. அந்த மியூசியத்துல அசல் பொருளும் இருக்கு, நகலும் இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. இது மட்டும் அசல்னு எப்படி நம்புறது?

தமுக்கத்தான்:
நகலும் இருக்குன்னு ஒளிவு மறைவில்லாம சொல்ற இடத்தைப் போய் ஏமாத்துதுன்னு சொல்றீங்களே, இது நியாயமா? 1959 ஏப்ரல் 15-ல நேரு திறந்து வெச்ச இடம். நேத்து முளைச்ச கண்காட்சி இல்ல.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உள்ளே நுழைஞ்சதும் துணி எங்கே, துணி எங்கேன்னு ஓடாதீங்க. முதல்ல இந்திய விடுதலைப் போர் பகுதி. வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கு வந்ததிலிருந்து ஆரம்பிச்சு 265 படங்கள். அடுத்தது காந்தி வாழ்க்கை, 124 புகைப்படம். அதுக்கப்புறம்தான் நினைவுப் பொருட்கள். வரிசையா வந்தாத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால நிக்கும்போது நெஞ்சு கனக்கும். நேரா அங்கே போய் நின்னா காபி கறைதான் தெரியும்.

கேள்விக்குறி:
ஆக, காபி கறை மாதிரிதான் இருக்குன்னு நீங்களும் ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

தமுக்கத்தான்:
நான் எங்கே ஒத்துக்கிட்டேன்? வாக்கியத்தை முழுசா படிங்க சார்.

ஊர்சுற்றி:
நடுவுல ஒரு சந்தேகம். காந்தி மேல்சட்டையை விட்டது இந்த அரண்மனையிலதானே? அதனாலதான் மியூசியத்தை இங்கே வெச்சாங்கன்னு கேள்விப்பட்டேன்.

மாசிவீதி:
இல்லவே இல்லை! எத்தனை தடவைதான் சொல்வது! அது மேலமாசி வீதி, கதவு எண் 251, மாடி. 1921 செப்டம்பர் 22. அந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் இன்றைக்குக் கதர்க் கடை இருக்கிறது. புது உடையோடு முதன்முதலாக மக்கள் முன்னால் வந்து நின்ற இடம் காமராஜர் சாலை காந்தி பொட்டல். தமுக்கம் அப்போது வெள்ளைக்கார அதிகாரிகளின் கையில் இருந்த மாளிகை. மங்கம்மாள் கட்டிய அரண்மனை, நவாப், கம்பெனி என்று பல கை மாறி, கலெக்டர் பங்களாவாகவும் இருந்தது. அங்கே போய் எப்படிச் சட்டையைக் கழற்றுவார்? எல்லாவற்றையும் தமுக்கத்துக்கே தூக்கிக் கொடுத்துவிட்டு எங்கள் வீதியை மறந்துவிடுகிறீர்கள்.

தமுக்கத்தான்:
யாரும் தூக்கிக் கொடுக்கல. ரெண்டும் மதுரைதான்.

மாசிவீதி:
மதுரைதான், ஆனால் இடம் வேறு. மியூசியத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூட மேலமாசி வீதிக்கு வருவதில்லை. அந்த ஆதங்கம் உங்களுக்குப் புரியாது.

ஊர்சுற்றி:
சரி சரி, மேலமாசி வீதி. அங்கேதான் கோவணத்துக்கு மாறினார்.

மாசிவீதி:
கோவணம் இல்லை. அரையாடை. முழங்கால் அளவுக்குக் கட்டிய வேட்டி. தேவைப்பட்டால் மேலே ஒரு துண்டு. அக்டோபர் 31 வரையாவது இப்படி இருக்கப்போகிறேன் என்றுதான் முதலில் அறிவித்தார், பிறகு கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது. வார்த்தையைப் பார்த்துப் போடுங்கள்.

பாவுநூல்:
விஷயத்துக்கு வருவோம். 'சிவப்பு இல்லை' என்ற ஒன்றையே கேள்விக்குறி பிடித்துக்கொண்டிருக்கிறார். நிறத்தைவிடப் பார்க்க வேண்டியது கறையின் விளிம்பு. ரத்தம் நூலில் ஊறிக் காயும்போது ஈரம் வெளிப்பக்கம் நகர்ந்து, கூடவே கரைந்ததையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஓரம் கருத்து, நடு வெளிறித் தெரியும். அடர்த்தியாகப் பட்ட இடத்தில் துணி அட்டை மாதிரி விறைத்துவிடும். அந்த இடத்தை மடித்தால் மடிப்போடு நூல் முறியும். அதனால்தான் இப்படிப்பட்ட துணியை மடித்து வைக்கவே கூடாது. அமிலம் இல்லாத தாளை விரித்து அதன்மேல் தட்டையாகப் போட வேண்டும். மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் தாளைச் சுருட்டி வைத்து, மடிப்பைக் கூர்மையாக விடாமல் உருண்டையாக்க வேண்டும்.

துணிக்கு முதல் எதிரி வெளிச்சம். பருத்தித் துணிக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது அருங்காட்சியகங்களில் பொதுவான அளவு. அதனால்தான் இந்த மாதிரி அறைகள் மங்கலாக இருக்கும். வெளிச்சம் செய்த கெடுதல் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஏறி ஏறி இறங்கினால் இழை விரிந்து சுருங்கியே நைந்துவிடும். கறை பட்ட துணியில் பூச்சியும் தனிப் பிரச்சினை. வெறும் பருத்தியைச் சீண்டாத கம்பள வண்டுகூடக் கறையில் இருக்கும் புரதத்துக்காக வரும்.

கேள்விக்குறி:
இவ்ளோ எழுதியும் சிவப்பா இல்லங்கிறது மாறல. சரி, அசல்னா டெஸ்ட் பண்ணிக் காட்டட்டும். டிவியில நீல வெளிச்சம் அடிச்சுக் காட்டுவாங்களே.

பாவுநூல்:
நீங்கள் சொல்வது லூமினால், ரத்தம் பட்ட இடத்தில் நீலமாக ஒளிரும் வேதிப்பொருள். அதைக் கறைமேல் தெளிக்க வேண்டும். தெளித்தால் தண்ணீர் கறையைக் கரைத்து இன்னும் பரப்பிவிடும். காய்ந்த பிறகு புதிதாக ஒரு வளையக் கோடு விழும், அது போகாது. போதாததற்குச் செம்பு, பிளீச்சிங் பவுடர் பட்டாலும் லூமினால் ஒளிரும். இன்னொரு வழி ஃபீனாஃப்தலீன் சோதனை. ஈரப் பஞ்சால் கறையைத் தொட்டு, முதலில் ஒரு சொட்டு ஆல்கஹால், பிறகு ஃபீனாஃப்தலீன் கரைசல், கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு. நொடிக்கணக்கில் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். வரிசை மாறினாலோ, ரொம்ப நேரம் விட்டாலோ வெறும் பஞ்சுகூடச் சிவக்கும். எல்லாம் சரியாக வந்தாலும் அது ரத்தமா என்றுதான் சொல்லும், யாருடையது என்று சொல்லாது. ஒருவருடைய சந்தேகத்துக்காக அந்தத் துணியை நனைக்கச் சொல்கிறீர்களா?

கேள்விக்குறி:
நனைக்க வேண்டாம். இதுக்குப் பதில் சொல்லுங்க. டெல்லி ராஜ்காட் எதிர்ல இருக்கிற காந்தி மியூசியத்துலயும் ரத்தக்கறைத் துணி இருக்கு. சுட்டது ஒருத்தரை. துணி எப்படி ரெண்டு ஊர்ல?

தமுக்கத்தான்:
அவர் உடம்புல வேட்டி இருந்துச்சு, மேல போர்த்தின துணி இருந்துச்சு. மூணு குண்டு, நெஞ்சுலயும் வயித்துலயும். ரத்தம் ஒரே துணியிலதான் படணும்னு சட்டமா? டெல்லியில வேட்டியும் சால்வையும், உடம்புலேர்ந்து எடுத்த ஒரு குண்டும் இருக்கு. நம்மகிட்ட இருக்கிறது அன்னைக்கு அவர் மேல இருந்த துணியில ஒரு பகுதி.

ஊர்சுற்றி:
வேட்டியா, துண்டா? ஒரு இடத்துல வேட்டின்னு இருக்கு, இன்னொரு இடத்துல சால்வைன்னு இருக்கு.

கேள்விக்குறி:
பாருங்க, என்ன துணின்னே தெரியல. இதுல அசலாம்.

பாவுநூல்:
இதே ஆள்தான் போன மாதம் ஹிட்லருக்குக் காந்தி எழுதிய கடிதத்தில் 'அன்பு நண்பரே' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் சண்டை போட்டார். 1939 ஜூலை 23 தேதியிட்ட கடிதம். போரைத் தடுக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான், தடுங்கள் என்று கெஞ்சுகிற கடிதம். பிரிட்டிஷ் அரசு அதைப் போய்ச் சேரவே விடவில்லை. அன்றைக்கும் கடிதத்தைப் படிக்கவில்லை. இன்றைக்கும் துணியைப் பார்க்கவில்லை, நிறத்தை மட்டும் பார்க்கிறார்.

கேள்விக்குறி:
பழசையெல்லாம் கிளறாதீங்க. அந்தக் கடிதத்துல 'நண்பரே'ன்னு இருந்ததா இல்லையா? இருந்தது. இந்தத் துணி சிவப்பா இருக்கா? இல்ல. நான் ரெண்டு தடவையும் உள்ளதைத்தான் சொன்னேன்.

பாவுநூல்:
உள்ளதில் பாதியை. வேட்டியா துண்டா என்று கேட்ட ஊர்சுற்றிக்கு: கதரைப் பொறுத்தவரை நெசவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கைராட்டை நூல் ஒரே சீராக வராது, ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து ஓடும். முறுக்கும் அப்படித்தான். பெட்டிக்குப் பக்கவாட்டில் நின்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், அந்த மேடுபள்ளம் தெரியும். வேட்டியா துண்டா என்று சொல்ல அகலமும் கரையும் முழுசாகத் தெரிய வேண்டும். பகுதியாக இருக்கும் துணியில் அதைத் தேடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் ஃபிளாஷ் அடித்தால் தயவுசெய்து தடுங்கள். கண்ணாடியில் பட்டுத் தெறித்துப் படமும் வராது.

ஊர்சுற்றி:
குறிச்சுக்கிட்டேன். அதே வளாகத்துல இருக்கிற அரசு அருங்காட்சியகமும் இதோட சேர்ந்ததா?

தமுக்கத்தான்:
தனி. வளாகம்தான் ஒண்ணு. காந்தி வாழ்ந்த சேவாகிராமக் குடிலோட மாதிரியும் அங்கேயே இருக்கு, அதை விட்டுட்டு வராதீங்க.

மாசிவீதி:
அப்படியே மேலமாசி வீதிக்கும் வரச்சொல்லுங்கள். அதைச் சொல்ல மட்டும் வாய் வராது.

தமுக்கத்தான்:
அண்ணே, நீங்கதான் நாலு தடவை சொல்லிட்டீங்களே!

மாசிவீதி:
இரண்டு தடவைதான் சொன்னேன். எண்ணிப் பாருங்கள்.

கேள்விக்குறி:
சிவப்பா இல்ல. அவ்ளோதான்.