பத்தடி விண்ட்சேர்ஃப் போட் (பாய் பூட்டிக் காற்றில ஓடுற பலகை) ஹயஸ் வானுக்குள்ள நேராய்ப் படுக்காது. அளந்துபோட்டுக் கதையுங்கோ

வெள்ளவத்தைக் காற்று:
நேற்று இன்னொரு இழையில ஒருத்தர் எழுதியிருக்கிறார்: “விண்ட்சேர்ஃப் சாமான் ஏத்த ஹயஸ் எடுத்தாலும் ஒண்டுதான், நிசான் கேரவன் வான் எடுத்தாலும் ஒண்டுதான், ரெண்டும் மூண்டு மீற்றர்.” வாசிச்ச நேரம் துவக்கம் எனக்குப் பத்துது. புதுசா வாற பெடியள் இதை நம்பியெல்லோ காசைக் கொட்டப்போறாங்கள். நாங்கள் கேடிஎச் எண்டு சொல்லுற ஹயஸ் சுப்பர் ஜிஎல், முன் சீற்றுக்குப் பின்னால 3000 மில்லிமீற்றர். நிசான் என்வி350 கேரவன் 3050. பத்தடி போட் 304.8 சென்ரிமீற்றர். கழிச்சுப் பாருங்கோ. அந்த ஐஞ்சு சென்ரிமீற்றரிலதான் கதவு பூட்டுறதும் பூட்டாததும் கிடக்கு.

தெகிவளை டொல்பின்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், ஒளிச்சு நிண்டு எறியத் தேவையில்லை. எத்தினை வருசமா டொல்பின்ல, என்ர பழைய ஹயஸ்ல, கற்பிட்டிக் கடலுக்கு ஓடுறன். பாலாவிச் சந்தியில திரும்பேக்க ஒருநாளும் என்ர பின்கதவு திறந்து கிடக்கேல்லை. போட்டைக் குறுக்கால சரிச்சு, மூக்கை ரெண்டு முன் சீற்றுக்கும் நடுவால விட்டா முடிஞ்சுது அலுவல்.

வெள்ளவத்தைக் காற்று:
குறுக்கால வைச்சா மற்றச் சாமான் எங்க போறது? 460 சென்ரிமீற்றர் மாஸ்டை (பாய்மரத்தை) ரெண்டாக் கழட்டினாலும் பாதி 230 சென்ரிமீற்றர் வரும். பூம் (பாயைப் பிடிக்கிற தடி) ரெண்டு, பாய் நாலு, ஃபின் (போட்டுக்கு அடியில பூட்டுற செட்டை) பை. எல்லாத்தையும் போட்டுக்கு மேல அடுக்கி ஒவ்வொரு பள்ளத்திலயும் இடிபட விடுறீங்களோ? நான் சொன்னது நேராய்ப் படுக்கிறதை. நேராய். 3050.

அளவுகோல்:
ஒரு கேள்வி. 3050, 3000 என்பது எங்கே அளந்தது? தரையிலா, சீற்று முதுகு உயரத்திலா? முன் சீற்றை எவ்வளவு முன்னுக்குத் தள்ளிய பிறகு? பின்கதவு மேலே போகப் போக உள்ளுக்குச் சாய்கிறது. நீளம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவெடுப்போம்.

தெகிவளை டொல்பின்:
3050 எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னாப்போல வான் நீளாது. போட் 3048 எண்டா மிச்சம் ரெண்டு மில்லிமீற்றர். பையோட அளந்தீங்களோ? பையின்ர மெத்தையே அதைவிடத் தடிப்பு.

வெள்ளவத்தைக் காற்று:
பையைக் கழட்டித்தான் ஏத்துறன். ரெண்டு மில்லிமீற்றரும் இடைவெளிதான். கேடிஎச்சில அதுவும் இல்லை, நாப்பத்தெட்டு மில்லிமீற்றர் காணாது.

கொட்டாஞ்சேனை மீன்மகள்:
அண்ணாமார், நான் மட்டக்களப்பு, இப்ப கொழும்பில. என்ட போட் 235 சென்ரிமீற்றர்தான், எந்த வானிலயும் கிடக்கும். இஞ்ச கனபேர் வைச்சிருக்கிறதும் அந்தளவு போட்தான். கச்சான் காத்துக் காலத்தில வாராவாரம் கற்பிட்டி போறம், ஈரப் பாயில இருந்து வடியிற உப்புத்தண்ணி வான்ட தரையை உள்ளுக்கால தின்னுது. ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்க. வெயில்ல பூட்டின வானுக்குள்ள போட்டை வைச்சா உள்ள இருக்கிற காற்று வீங்கி மேல்தோல் கழரும், அதுக்குத்தான் போட்டில அந்தச் சின்னக் காற்றுத் திருகு. அதைத் திறந்து விடுறவர் எத்தினை பேர்? ஐஞ்சு சென்ரிக்கு அடிபடுறத்துக்கு முதல் அதைப் பாருங்க.

வெள்ளவத்தைக் காற்று:
தங்கச்சி, உப்பு எல்லா வானுக்கும் பொது. நீளம் பொது இல்லை. அதோட மே மாதம் அடிக்கத் துவங்குறது சோளகக் காற்று, கச்சான் இல்லை.

கொட்டாஞ்சேனை மீன்மகள்:
எங்கட ஊரில மேற்கால வந்து காயவைக்கிற காத்துக்குக் கச்சான் எண்டுதான் பேர். என்ட உம்மம்மாக்கு முந்தின தலைமுறையும் அப்பிடித்தான் சொன்ன. யாழ்ப்பாணத்துப் பேரை எங்களுக்குப் படிப்பிக்க வேணாம்.

தெகிவளை டொல்பின்:
அவருக்கு எல்லாத்திலயும் தன்ர அளவுதான் அளவு, தங்கச்சி. காற்றிலயும்.

புறக்கோட்டைப் பழசு:
வாங்கப்போறவன் நான்தான், ஆனா ஒருத்தரும் கேக்கேல்லை. 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தவங்கள். இடையில வான் விலை ஏறினது எல்லாருக்கும் தெரியும். 2022 இல எண்ணெய்த் தட்டுப்பாட்டு நேரம் கியூஆர் அட்டையில வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தவங்கள். கற்பிட்டி போய்வர 330 கிலோமீற்றர். போகேக்க காணும், வரேக்க காணாது. எனக்கு எண்ணெய்ச் செலவைச் சொல்லுங்கோ, நீளத்தை இல்லை.

வெள்ளவத்தைக் காற்று:
எண்ணெய் பிறகு. முதல்ல போட் உள்ளுக்குப் போகவேணும். டொல்பின் அண்ணை, இன்னொண்டு. நான் கணக்குச் சொன்னது கேடிஎச்சுக்கு. அது 2004 இல வந்த உடம்பு. உங்கட டொல்பின் அதுக்கு முந்தினது. ரெண்டையும் ஹயஸ் எண்டு ஒரே சாக்கில போட்டுக் கட்டிப்போட்டு “எல்லாம் ஒண்டு” எண்டால் அது கணக்கோ?

அளவுகோல்:
இதைத்தான் நானும் கேட்டேன். எந்த ஹயஸ், எங்கே அளந்தது என்று.

தெகிவளை டொல்பின்:
எந்த உடம்பெண்டாலும் என்ர வான்ல பத்தடி போட் போய் வந்திருக்கு. கண்ணால கண்டவர் நீங்கள். பெந்தோட்டைக்கு என்ர பக்கத்துச் சீற்றில இருந்துதானே வந்தனீங்கள்?

வெள்ளவத்தைக் காற்று:
வந்தனான். அதைச் சொல்லாமல் விடுவம் எண்டிருந்தன், இனி விடேலாது. அண்டைக்குப் பின்கதவு பூட்டேல்லை. நீங்கள் அடிச்சுப் பூட்டினனீங்கள். வெடிச்சது என்ர போட்டின்ர மூக்கு. அரைவாசி நாள் தண்ணியில இறங்காமல் கரையில குந்தியிருந்தன். ஒரு சொல்லு “பிழைதான் தம்பி” எண்டு சொன்னனீங்களோ? அந்த ஐஞ்சு சென்ரிமீற்றரை நான் மறக்கமாட்டன்.

தெகிவளை டொல்பின்:
அந்த வெடிப்பு முதலே இருந்தது. நீர்கொழும்பில கல்லில ஏத்தினது ஆர்?

வெள்ளவத்தைக் காற்று:
அது ஃபின். மூக்கு இல்லை. ஃபின்னும் மூக்கும் வித்தியாசம் தெரியாதவரோட நான் நீளம் கதைக்கிறன்.

புறக்கோட்டைப் பழசு:
ஆரும் லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் எண்டு சொல்லுவீங்களோ?

வெள்ளவத்தைக் காற்று:
ஞாயிறு காலம்பற ஆறு மணிக்குக் கல்கிசைக் கடற்கரைக்கு வாங்கோ எல்லாரும். நான் அளவு நாடாவும் பத்தடி போட்டும் கொண்டுவாறன். நேராய் வைப்பம், கதவைக் கையால மெல்லப் பூட்டுவம். 3050 ஓ 3000 ஓ எண்டு கதவு சொல்லும்.

தெகிவளை டொல்பின்:
டொல்பின் வரும். ஆனா மூக்குக்கு ஒரு சதமும் தரமாட்டன். அதை இப்பவே எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ.

கொட்டாஞ்சேனை மீன்மகள்:
நானும் வாறன். ரப்பர் விரிப்பை நான் தூக்குவன்.