த்ரில்லர் நாவல்: முதலில் புத்தகமா, படமா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். த்ரில்லர் நாவலை வாசித்த கையோடு அதன் படத்தையும் பார்ப்பது என் வழக்கம். முடிவு தெரிந்த பிறகும் படம் நம்மைக் கட்டிப்போடுமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

'கான் கேர்ள்' கட்டிப்போட்டது. 2012இல் வந்த நாவலை எழுதிய கில்லியன் ஃபிளின்தான் 2014இல் டேவிட் ஃபின்ச்சர் எடுத்த படத்துக்கும் திரைக்கதை. மனைவியின் நாட்குறிப்பும் கணவனின் கதையும் மாறி மாறி வரும் அமைப்பைப் படம் விட்டுக்கொடுக்கவில்லை. யாரை நம்புவது என்ற குழப்பம் திரையிலும் அப்படியே இருக்கிறது.

'தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்' ஏமாற்றிவிட்டது. கதையை லண்டனிலிருந்து நியூயார்க் பக்கம் கொண்டுபோனதில் எனக்கு வருத்தமில்லை. குடிபோதையில் நினைவு தப்பும் ரேச்சல் தன் வாயாலேயே சொல்லும்போது, அவள் மறந்ததை நாமும் அவளோடு சேர்ந்து தேடுகிறோம். அந்தத் தவிப்புதான் புத்தகத்தின் உயிர். படத்தில் அது மங்கலான ஃபிளாஷ்பேக்குகளாகச் சுருங்கிவிட்டது. எமிலி பிளன்ட் நடிப்பில் ஒரு குறையும் இல்லை, பாவம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்படி ஒரு பாத்திரத்தின் மனசுக்குள்ளேயே நடக்கும் த்ரில்லரை நன்றாகப் படமாக்கியிருந்தால் சொல்லுங்கள், எந்த மொழியானாலும் பரவாயில்லை. அப்புறம், 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' பக்கம் நான் இன்னும் போகவில்லை. தாமஸ் ஹாரிஸின் நாவலை முதலில் எடுக்கவா, ஐந்து ஆஸ்கர் வாங்கிய படத்தையா? இரண்டையும் முடித்தவர்கள் காரணத்தோடு சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும். முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.