ஓவன் ஆஸிலேட்டர் பகலில் மட்டும் இறங்குகிறது, எதைச் சந்தேகப்படுவது?

குடமுருட்டி:
வணக்கம். பாபநாசம் பக்கம் ரேடியோ, டிவி சர்வீஸ் பார்க்கிறேன். பழைய டவர் போர்டில் கழற்றிய 10 மெகாஹெர்ட்ஸ் ஓவன் ஆஸிலேட்டர் (கிரிஸ்டலை ஒரே சூட்டில் வைத்து அதிர்வெண் மாறாமல் காக்கும் பெட்டி) ஒன்றை என் பட்டறைக் கருவிகளுக்கெல்லாம் பொதுவான அளவாக வைக்க ஆசை. 20 நாளாக அணைக்கவே இல்லை. இரவில், அதிர்வெண் அளக்கும் கவுண்டரில் கடைசி இலக்கம் கூட அசையாது. காலை 9 மணிக்கு மேல் 0.03 ஹெர்ட்ஸ் இறங்கி, சாயங்காலம் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. கவுண்டருக்குள்ளும் ஓவன் ஆஸிலேட்டர்தான். இரண்டில் அசைவது எது?

அரசலாறு:
இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று வாங்குங்கள். அப்புறம் அதிர்வெண்ணைப் பார்ப்பதை விடுங்கள். உங்கள் 10 மெகாஹெர்ட்ஸை ஒரு கோடியால் வகுத்தால் அதுவும் விநாடிக்கு ஒரு துடிப்பாகிவிடும். இரண்டு துடிப்புக்கும் உள்ள இடைவெளியைக் கவுண்டரில் அளந்து நான்கு நாள் பதியுங்கள். இடைவெளி 100 மைக்ரோவிநாடிதான் என்றால், கவுண்டரின் கடிகாரம் நூறு கோடியில் மூன்று பங்கு தப்பினாலும் அளவு கெடாது.

ஒரு விநாடிக் கணக்கை நம்பாதீர்கள். சாதாரண ரிசீவரின் துடிப்பே 10, 20 நானோவிநாடி ஆடும். 1000 விநாடி இடைவெளியில் பார்த்தால் அந்த ஆட்டம் பத்தாயிரம் கோடியில் ஒன்றிரண்டு பங்காகச் சுருங்கிவிடும். கணக்குக்கு ஆலன் விலகலையே எடுங்கள். சாதாரணத் திட்ட விலக்கம் போட்டால், ஆஸிலேட்டர் மெல்ல நகர நகரப் பதிவு நீளும்போதெல்லாம் விடையும் வளரும். 1966இல் டேவிட் ஆலன் அடுத்தடுத்த சராசரிகளின் வித்தியாசத்தை எடுத்தது இதற்காகத்தான்.

வெண்ணாறு:
அண்ணே, காலை 9 மணி என்றதும் எனக்கு வயல் போர்வெல் மோட்டார்தான் ஞாபகம் வந்தது. உங்கள் லைனில் மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது? பதிவோடு ஆஸிலேட்டருக்குப் போகும் 12 வோல்ட்டையும் அறை வெப்பத்தையும் சேர்த்துக் குறியுங்கள். ஃபேன் காற்று நேராக மேலே படக்கூடாது. பெட்டியைத் திருப்பவும் வேண்டாம். தலைகீழாக வைத்தாலே நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு மாறும் கிரிஸ்டல்கள் உண்டு.

குடமுருட்டி:
நான்கு நாள் பதிவு முடிந்தது, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நகர்ந்தது என் ஆஸிலேட்டர்தான், காரணம் மோட்டார்தான். மோட்டார்கள் ஓடும்போது வீட்டு மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்குகிறது. வோல்டேஜைச் சீராக்கும் என் ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் வோல்ட் போதாமல் 12.02 ஆக இருந்தது 11.93 ஆகிறது. அதிர்வெண்ணைத் திருத்தும் பாட்டை (திருகும் பொட்டென்ஷியோமீட்டர்) அந்த 12 வோல்ட்டிலேயே மாட்டியிருந்தேன், தப்பு அங்கேதான். ஆஸிலேட்டரே ஒரு காலில் நிலையான வோல்டேஜ் தருகிறது. பாட்டை அதற்கு மாற்றினேன், டிரான்ஸ்ஃபார்மரையும் பெரிதாக்கினேன். பகல் பள்ளம் போய்விட்டது.

இப்போது இடைவெளி நாளுக்கு 9 மைக்ரோவிநாடி ஒரே சீராகக் கூடுகிறது. ஆயிரம் கோடியில் ஒரு பங்கு விலகல், அதைப் பாட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் இந்த மாதம் தொடப்போவதில்லை. கோடு நேராகவே போகிறதா, வயதாவதால் வளைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால் மோட்டார் ஓட்டம் குறையும். அப்போது இன்னொரு நான்கு நாள் பதிவு எடுத்து இங்கே போடுகிறேன்.