நீந்துபவருக்குத் துணையாகப் படகில் போன அனுபவங்கள்: பாக் நீரிணை முதல் டோவர் வரை

பாம்பன் கரையான்:

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திவந்த ஓர் இளைஞருக்குத் துணையாக நாட்டுப்படகில் சென்றிருந்தேன். பெயர் வெளியே வருவதை அவர் விரும்பமாட்டார். இரண்டு அரசுகளின் அனுமதியும் கைக்கு வந்த பிறகே பயணம் உறுதியானது. பிற்பகலில் இராமேசுவரத்தை விட்டுப் புறப்பட்டு, எல்லையில் கடற்படையினரிடம் தாள்களைக் காட்டி, தலைமன்னார் கரைக்கு அருகே நங்கூரமிட்டுக் காத்திருந்தோம். நள்ளிரவு கழிந்து, காற்று அடங்கியதை ஓட்டி பார்த்துச் சொன்ன பிறகுதான் அவர் நீரில் இறங்கினார். வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் பாதிக்கு மேல் கடந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. படகில் நடுவராக இருந்தவர் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி, நேரத்தையும் இருப்பிடத்தையும் சேர்த்து ஏட்டில் எழுதிக்கொண்டே வந்தார். தொடக்கத்தில் 60-ஐத் தாண்டியிருந்த வீச்சு விடியற்காலையில் 50-க்கு இறங்கியது. அப்போதுதான் சொறிமீன் (ஜெல்லிமீன்) கூட்டம் வந்தது. கழுத்திலும் தோளிலும் தடித்துச் சிவந்ததைப் படகு விளக்கின் வெளிச்சத்திலேயே பார்க்க முடிந்தது. அவருடைய அம்மா படகு விளிம்பில் குனிந்து கையை நீட்டினார். ஓட்டிதான் "அக்கா, தொட்டா எல்லாம் போச்சு" என்று தடுத்தார். நீந்துபவரை யாரும் தாங்கக் கூடாது, அவரும் படகைப் பிடிக்கக் கூடாது என்பதே இந்த விளையாட்டின் முதல் விதி. கயிற்றில் கட்டிய போத்தலில் வெதுவெதுப்பான சர்க்கரைக் கரைசலை எறிந்தோம். மல்லாந்து மிதந்தபடியே குடித்துவிட்டுப் போத்தலை விட்டார், கயிற்றை இழுத்துக்கொண்டோம். அதற்கு மேல் எங்களால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

குற்றாலீசுவரன் 1994-இல் 12 வயதில் இந்தக் கடலைக் கடந்ததும், அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் சேர்த்து ஆறு நீரிணைகளை முடித்து இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென்னின் சாதனையை முறியடித்ததும் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு வெறும் எண்களாகவே தெரிந்தன. படகில் ஓர் இரவு உட்கார்ந்த பிறகு, அந்தச் சிறுவனோடு கூட வந்தவர்களை நினைத்துத்தான் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

வடமராட்சியான்:

தம்பி, மிகிர் சென் பெயரைச் சொன்னபடியால் எழுதுகிறேன். அவர் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடங்களில் நீந்தியது பெருஞ்செயல்தான். ஆனால் பாக் நீரிணையை முதலில் கடந்தவர் அவரே என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1954-இல், மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப் போய்விட்டார். அந்தப் பாதை தலைமன்னார்ப் பாதையை விட நீளம் கூடியது.

ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதே பாதையில் போய், கோடியக்கரையைத் தொட்டுத் திரும்பி வந்தபோது மொத்தம் 51 மணி நேரம் ஆனது. கூடப்போன வள்ளங்களில் ஒன்றில் இருந்த எங்கள் உறவினர் ஒருவர், திரும்பும் வழியிலான இரண்டாம் இரவைப் பற்றித்தான் எப்போதும் கதைப்பார். வள்ளத்தில் இருந்தவர்கள் முறை வைத்துத் தூங்கினார்களாம். தண்ணீரில் இருந்தவருக்கு முறை மாற்ற ஆளில்லை. ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தார். சாதனைப் பட்டியல்களில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. விடுபடக் கூடாது என்பது என் எண்ணம்.

டோவர் பக்கத்தவன்:

ஐயா சொன்ன இரண்டாம் இரவைப் படித்ததும் சாரா தாமஸ்தான் நினைவுக்கு வந்தார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஓராண்டில், 2019 செப்டம்பரில், அந்த அமெரிக்கப் பெண்மணி ஆங்கிலக் கால்வாயை இடைவிடாமல் நான்கு முறை கடந்தார். ஆன நேரம் 54 மணி 10 நிமிடங்கள். 1875-இல் மேத்யூ வெப் முதன்முதலாக ஒரு முறை கடக்க எடுத்துக்கொண்டது 21 மணி 45 நிமிடங்கள்.

நான் போனது நண்பர் ஒருவரின் தனி நீச்சலுக்கு உதவியாக. குளிர்காப்பு உடை கிடையாது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, அக்குளிலும் கழுத்திலும் தடவிய கொழுப்பு, அவ்வளவுதான். நீரின் வெப்பநிலை 16 பாகை. பிரான்சின் கரை கண்ணெதிரே தெரிந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது: ஓதம் (கடல் ஏற்றவற்றத்தின் ஓட்டம்) திரும்பி, அவர் முன்னேற முன்னேறக் கரையோரமாகவே வடகிழக்கே இழுத்துச் சென்றது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவர் கேட்டபோதெல்லாம் படகுத் தலைவர் எங்களைப் பேசவிடவில்லை. அடுத்த உணவு வரை நீந்து என்பதே எங்கள் ஒரே பதில்.

பாம்பன் கரையான்:

நாங்களும் அதையேதான் சொன்னோம், அண்ணா. ஒன்று கேட்க வேண்டும்: நான்கு முறை கடந்தபோது கரையில் அவருக்கு ஓய்வு இருந்ததா?

டோவர் பக்கத்தவன்:

ஒவ்வொரு திருப்பத்திலும் அதிகபட்சம் பத்து நிமிடங்கள் அனுமதி உண்டு. அந்த நேரத்திலும் யாரும் அவரைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது.