தாய்லாந்து மொழி: தொனியைப் பழக வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். மூன்று வாரமாக வடக்குத் தாய்லாந்தில் உள்ள சியாங் மாயில் தங்கியிருக்கிறேன். ஊர்க்காரர்களோடு பேசியே தாய்லாந்து மொழியைக் கற்றுக்கொள்ள ஆசை. தினமும் காலையில் வரோரோட் சந்தைக்குப் போய்விடுவேன். அங்கே பழம் விற்கும் ஒரு அம்மாவை 'பா' என்று கூப்பிடுகிறேன், நம் பெரியம்மா மாதிரி. அவர் புண்ணியத்தில் நூறு வரை எண்ணத் தெரிந்துவிட்டது.

குறில், நெடில் நமக்குப் பழகியது என்பதால் நீட்டலும் குறுக்கலும் சுலபமாக வருகின்றன. 'ஙான்' என்றால் வேலை. ங-வில் தொடங்கும் சொல்லும் நாக்குக்குப் பிடிபட்டுவிட்டது. ஐந்து தொனிகள்தான் வசப்படவில்லை. 'க்லை' என்பதைச் சமமான குரலில் சொன்னால் தூரம், மேலிருந்து இறக்கிச் சொன்னால் பக்கம். நேற்று சிவப்பு சொங்தேவ் (பலர் சேர்ந்து போகும் வாடகை வண்டி) ஓட்டுநரிடம் கோயில் பக்கமா என்று கேட்க நினைத்தேன். அவர் காதில் தூரமா என்று விழுந்திருக்கிறது. 'இல்லை' என்று தலையாட்டினார். நானோ தூரம் போல என்று திரும்பிவிட்டேன். கோயில் அடுத்த தெருவிலேயே இருந்தது!

நான் தடுமாறினால் பலர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அன்பினால்தான். ஆனாலும் எனக்குத் திருத்தம் வேண்டும். மனம் கோணாமல் அதை எப்படிக் கேட்பது? தொனியைக் காதால் பிரித்தறிய நீங்கள் என்ன பயிற்சி செய்தீர்கள்? இங்கே பெண்கள், பேச்சின் முடிவில் மரியாதைக்காகச் சேர்க்கும் 'கா' என்பதற்குப் பதில் 'ஜாவ்' என்கிறார்கள். இந்த வடக்கு வழக்கையும் இப்போதே பழகலாமா, பொது வழக்கு படிந்த பிறகா? இன்னும் ஒரு மாதம் இங்கேதான் இருப்பேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.