சார்ஜர் பிளக்கில் பாலிதீன் பை கட்டலாமா?

மயூர்விகார்வாசி:
நேற்று துவாரகா அக்கா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “தில்லிப் பனியில் மின்சாரக் காரை வெளியே நிறுத்தி ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடலாம். எக்ஸ்டென்ஷன் போர்டில் பிளக் சேருகிற இடத்தில் ஒரு பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர்பேண்ட் போட்டால் போதும்” என்கிறார். அதற்கு பதினாறு பேர் விருப்பம் வேறு போட்டிருக்கிறீர்கள். பதினாறு பேரும் இன்றைக்கே பையைக் கழற்றுங்கள்.

பை பனியைத் தடுக்காது. ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். சார்ஜ் ஏறும்போது பிளக் சூடாகிறது, வெளியே 5 டிகிரி. விடியற்காலையில் பையின் உள்பக்கம் இட்லிப் பானை மூடியைத் திருப்பிப் பார்த்த மாதிரி முத்து முத்தாக இருக்கும். எதிர்வீட்டில் ஒருவர் இப்படித்தான் கட்டியிருந்தார், டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் பிளக் மேல்தான் சொட்டும்.

துவாரகா அக்கா:
வணக்கம் சார். இரண்டு குளிர்காலமாக இப்படித்தான் செய்கிறேன். ஒரு நாள் கூட எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற சுவிட்ச்) விழவில்லை, யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. எங்களுடையது தில்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய ஃபிளாட், முதல் மாடி. பால்கனியிலிருந்து வயர் இறக்கித்தான் சார்ஜ் போட முடியும். பை இல்லாவிட்டால் பனி நேராகப் பிளக்கில் விழும். அதற்கு உங்களிடம் என்ன வழி? குறை சொல்வது சுலபம்.

நொய்டா பொறியாளர்:
இரண்டு பேரும் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். காரும் சார்ஜரும் முதலில் சிக்னல் பரிமாறிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் ‘கன்’னுக்கு, அதாவது காரில் மாட்டுகிற கைப்பிடி முனைக்கு, மின்சாரமே வரும். கொட்டுகிற மழையில் மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது பேட்டரி கார். அங்கே பனிக்கட்டிக்கு நடுவில் சார்ஜ் போடுகிறார்கள். 5 டிகிரிக்கு இங்கே மகாபாரதம் நடக்கிறது.

மயூர்விகார்வாசி:
கன்னைப் பற்றி நான் பேசவே இல்லை, தம்பி. காரில் மாட்டுகிற முனை பாதுகாப்பானதுதான். நான் சொல்வது மறுமுனை, அதாவது மூன்று பின் பிளக்கும் அது நுழைகிற சாக்கெட்டும். நீங்கள் சொன்ன சிக்னல் எல்லாம் சார்ஜர் வயரில் இருக்கிற பெட்டிக்கும் காருக்கும் நடுவில்தான். சாக்கெட்டில் எப்போதும் 230 வோல்ட் உயிரோடு இருக்கிறது. பெட்டியில் ஐ.பி. 67 (தூசியும் தண்ணீரும் புகாது) என்று எழுதியிருந்தால் பெட்டிக்குத்தான் அது. போர்டுக்கு இல்லை.

கணக்குச் சொல்கிறேன். 16 ஆம்பியர் ஓடும்போது, சாக்கெட் தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே 25 வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரே இடத்தில் கிளம்பும். கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும், கார் அப்படியில்லை. 40 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் அந்தச் சூட்டைப் பையால் போர்த்தி வைக்கிறார் அக்கா.

நார்வேயில் பால்கனி வயரில் பை கட்டியா சார்ஜ் போடுகிறார்கள்? தனி சர்க்யூட் இழுத்து, சுவரில் சார்ஜர் பதிக்கிறார்கள்.

கேள்விக்குறி:
ஒரு சந்தேகம். பாதுகாப்பு என்று ஒவ்வொருவரும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறீர்களே. ஷாக் அடிக்காமல் இருப்பதா, தீப்பிடிக்காமல் இருப்பதா, பேட்டரி கெடாமல் இருப்பதா? முதலில் அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

துவாரகா அக்கா:
சார், சூடு என்கிறீர்கள். என் பிளக்கை ஒவ்வொரு ராத்திரியும் படுக்கப் போகும் முன் தொட்டுப் பார்க்கிறேன். வெந்நீர்ச் சொம்பு அளவுக்குத்தான் சூடு. பையும் உருகவில்லை.

மயூர்விகார்வாசி:
வெந்நீர்ச் சொம்பு அளவுக்குச் சூடா! அதுதான் அம்மா அறிகுறி. நல்ல சாக்கெட் லேசாகத்தான் வெதுவெதுக்கும். பிளக்கை உருவிப் பின் நுழைகிற ஓட்டையைப் பாருங்கள். ஓரம் பழுப்பாகியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். என் வீட்டிலேயே முதல் வருடம் அப்படி ஆனது. கருகின மீன் வாசனை அடித்தது, சமையலறையில் ஏதோ என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் சாக்கெட்.

சென்னைப்பிள்ளை:
முதலில் ஊர் பெயரைச் சரியாக எழுதுங்கள். டெல்லி. தில்லி என்றால் சிதம்பரத்துத் தில்லை மாதிரி இருக்கிறது.

மயூர்விகார்வாசி:
38 வருடமாக இங்கே இருக்கிறேன், இந்த ஊரார் சொல்வதே தில்லிதான். ஊரில் 20 டிகிரிக்கு மஃப்ளர் கட்டுகிறவர்கள் இந்த இழையில் கொஞ்சம் பொறுமையாக இருக்கலாம்.

சென்னைப்பிள்ளை:
போன வருடம் இன்வெர்ட்டர் விவாதத்திலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது ஆளைப் பேசினீர்கள். நான் மறக்கவில்லை.

முனிர்க்கா மாடிவீடு:
சண்டைக்கு நடுவில் என் பிரச்சினை. போன வாரம் சார்ஜர் பெட்டியில் எர்த் கோளாறு என்று சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. எலக்ட்ரீஷியன் வந்தார், சாக்கெட்டைத் திறந்தார், நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) எர்த்துக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை வயரைப் போட்டார். உடனே பச்சை விளக்கு. 300 ரூபாய் வாங்கினார். இது சரிதானா?

நொய்டா பொறியாளர்:
ஐயோ, சரியே இல்லை. இதைப் படித்தவுடன் மெயினை அணைத்துவிட்டு அந்த வயரை எடுங்கள். அவர் எர்த் கொடுக்கவில்லை, எர்த் இருப்பதாகச் சார்ஜரை நம்ப வைத்திருக்கிறார். எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் தகர உடம்பு முழுக்க 230 வோல்ட் வரும். பனியில் நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவர் கதி என்ன? எர்த் குழியைச் சரி செய்யச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முனிர்க்கா மாடிவீடு:
ஆர்.சி.சி.பி. இருந்தது. அடிக்கடி விழுகிறது என்று அதையும் அவர்தான் எடுத்துவிட்டார்.

நொய்டா பொறியாளர்:
வேறு ஆளைக் கூப்பிடுங்கள். அது விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை வீட்டில் சார்ஜ் போடாதீர்கள். பாருங்கள், இதுதான் உண்மையான ஆபத்து. பை இல்லை.

மயூர்விகார்வாசி:
எர்த் முக்கியம், யார் மறுத்தார்கள்? ஆனால் “பை இல்லை” என்று எப்படிச் சொல்லலாம்? கசிவு எப்படி வருகிறது? ஈரத்தால். ஈரம் எங்கே தங்குகிறது? பைக்குள். சுற்றிச் சுற்றி நான் சொன்ன இடத்துக்குத்தான் வருகிறீர்கள்.

அக்கா வழி கேட்டாரே, சொல்கிறேன். எக்ஸ்டென்ஷன் போர்டைத் தூக்கிப் போடுங்கள். மீட்டரிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன், அதற்கென்று எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., கார் நிற்கிற இடத்தில் மூடி போட்ட வெளிப்புறச் சாக்கெட், அதற்கு மேல் சின்னத் தகரக் கூரை. வயர் சாக்கெட்டுக்கு நேராக இறங்கக் கூடாது. ஒரு முழம் கீழே தொங்கிப் பிறகு மேலே ஏறி நுழைய வேண்டும். அப்போது வயரில் வழிகிற பனித் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

ஜனக்புரிக்காரர்:
பேட்டரியைப் பற்றி யாருமே பேசவில்லையே. குளிரில் சார்ஜ் போட்டால் அது கெட்டுப்போகாதா?

நொய்டா பொறியாளர்:
செல் பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகு வேகமாக ஏற்றினால்தான் லித்தியம் உலோகமாகப் படிந்து கெடும். அதற்கும் கார் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். இங்கே 3, 4 டிகிரி என்றால் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஆபீஸிலிருந்து வந்ததும், பேட்டரி சூடாக இருக்கும்போதே மாட்டிவிடுங்கள்.

துவாரகா அக்கா:
மயூர்விகார் சார் சொல்கிற தனி லைனுக்குக் கீழ்வீட்டுக்காரர் சுவரில் துளை போட வேண்டும். ஒரு வருடமாகக் கேட்கிறேன், “பார்க்கலாம்” என்கிறார். தனி வீட்டில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் சுலபம். பையின் வாயை நான் கீழ்ப்பக்கம் திறந்துதான் விடுகிறேன், தண்ணீர் இறங்கிவிடும். இதை நேற்றே எழுதியிருந்தேன், அவர் படிக்கவில்லை.

மயூர்விகார்வாசி:
நேற்று “ரப்பர்பேண்ட்” என்று எழுதினீர்கள். ரப்பர்பேண்ட் போட்டால் வாய் எப்படித் திறந்திருக்கும்?

துவாரகா அக்கா:
ரப்பர்பேண்ட் மேல்பக்கம் சார். மேல்பக்கம்.

மயூர்விகார்வாசி:
மேல்பக்கம் கட்டினால் சூடு மேலேதானே ஏறும்? அங்கேதானே தங்கும்? நாளைக் காலை ஆறு மணிக்கு மெயினை அணைத்துவிட்டுப் பையைக் கழற்றி, உள்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். எல்லாரும் பார்க்கட்டும்.

துவாரகா அக்கா:
ஆறு மணிக்கு நான் பால் வாங்கப் போக வேண்டும். பை இன்று ராத்திரியும் இருக்கும்.

சென்னைப்பிள்ளை:
டெல்லி.